ஐந்து பாராட்டுக்கு ஒரு குறை: இந்தக் கணக்கை யார் போட்டது?

கணக்குமலை | சனி, இரவு 8.14

இன்று காலை எட்டரையிலிருந்து பின்னேரம் மூன்று மணி வரை ஹட்டனில் ஒரு செயலமர்வு. வகுப்பறையில் பாராட்டு என்பதுதான் தலைப்பு. வளவாளர், அதாவது பயிற்சி நடத்துபவர், ஒருவர் வந்தார். நல்ல சட்டை, நல்ல குரல். வெண்பலகையில் பெரிதாக 5:1 என்று எழுதி வட்டம் போட்டார். ஒரு பிள்ளையிடம் ஒரு குறை சொல்வதென்றால் அதற்கு முன்னால் ஐந்து தடவை பாராட்டியிருக்க வேண்டுமாம். "அறிவியல் நிரூபித்துவிட்டது" என்றார். எந்த அறிவியல் என்று எழுந்து கேட்டேன். "தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்ப்போம் சேர்" என்றார். தேநீர் வந்தது, ரோல்ஸ் வந்தது, பதில் வரவில்லை.

நான் 26 வருடமாகக் கணக்குப் படிப்பிக்கிறேன். அதனால் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் தரம் 8இல் 38 பிள்ளைகள். 38ஐ ஐந்தால் பெருக்கினால் 190. பாடவேளை 40 நிமிடம், அதாவது 2,400 வினாடி. 12.6 வினாடிக்கு ஒரு பாராட்டு. இதற்கிடையில் பின்னம் எப்போது படிப்பிப்பது, மூச்சு எப்போது விடுவது?

அங்கே வந்திருந்த அறுபது எழுபது ஆசிரியர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. எல்லாரும் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்புப்பேனை | சனி, இரவு 8.41

வாய் திறக்காதவர்களில் நானும் ஒருத்தி. மூன்றாம் வரிசை, ஜன்னலோரம். திறக்காததற்குக் காரணம், நீங்கள் திறந்ததை மூடவில்லை சேர்.

வளவாளர் சொன்னது ஒரு குறைக்கு ஐந்து. குறை சொன்னால்தான் ஐந்து. ஒரு பாடத்தில் 38 பிள்ளைகளிடமும் குறை சொல்வேன் என்று நீங்கள் ஏற்கனவே முடிவு செய்திருந்தால் 190 வரும். அந்த 38 குறைகளைத்தான் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அரைப்பேர் | சனி, இரவு 8.47

டீச்சர் முதல் பந்திலேயே விக்கெட்டை எடுத்துவிட்டார். நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருகிறேன், யாரும் இந்த உரையாடல் திரியை மூடிவிடாதீர்கள்.

கணக்குமலை | சனி, இரவு 9.02

குறை என்றால் திட்டுவது என்று டீச்சர் நினைக்கிறார். கணக்கில் "இந்த வரியில் சைபர் விட்டுப்போய்விட்டது" என்பதும் குறைதான். அதை 38 பேருக்கும் சொல்லித்தான் ஆக வேண்டும். தரம் 3இல் நட்சத்திரம் ஒட்டுகிறவர்களுக்கு இது விளங்காது.

12.6 வினாடி. யாராவது என் பெருக்கல் பிழை என்று காட்டட்டும், ஒப்புக்கொள்கிறேன்.

மூடுபனி | சனி, இரவு 9.10

ஒரு சின்னக் கேள்வி. பாராட்டு வேறு, பின்னூட்டம் வேறு அல்லவா? "நல்ல பிள்ளை" என்பது பாராட்டு. "மூன்றாவது படியில் பொது வகுஎண்ணைச் சரியாகப் பிடித்திருக்கிறாய்" என்பது பின்னூட்டம். எதற்கு ஐந்து கேட்கிறார்கள்? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் சண்டை பாதி குறையும்.

பழைய பிரம்பு | சனி, இரவு 9.15

நான் ஓய்வு பெற்ற அதிபர். என் காலத்தில் ஒரே ஒரு மண்டபம், அதில் ஐந்து வகுப்பு, நடுவில் சுவர்கூட இல்லை. ஒரு பிரம்பு ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டது. இதுதான் என்னுடைய 5:1. அன்று அடி வாங்கியவர்கள் இன்று வங்கி முகாமையாளர்கள்.

சிவப்புப்பேனை | சனி, இரவு 9.22

அடி வாங்கி நாலாம் ஆண்டோடு நின்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்றும் எழுதுங்கள் ஐயா. அவர்கள் இங்கே வந்து பதில் எழுத மாட்டார்கள், கொழும்பில் யாருடைய கடையிலோ பெட்டி தூக்கிக்கொண்டிருப்பார்கள்.

கணக்குமலை சேருக்கு. ஆமாம், நட்சத்திரம் ஒட்டுகிறேன், என் காசில். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. என் வகுப்பில் ஒரு பையனுக்கு ஞ எழுத வராது. அழித்து அழித்து எழுதி, கொப்பியில் அந்த இடமே ஓட்டையாகி, பின்பக்கத்து எழுத்து அதன் வழியாகத் தெரியும். ஒரு நாள் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில், "மேல் வளைவு இன்று சரியாக வந்துவிட்டது. வாலை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கு" என்று எழுதினேன். அடுத்த நாள் காலையில் அவனுடைய அம்மாயி கேட்டில் நிற்கிறார். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற கோலம், இடுப்பில் படங்கு கட்டியிருக்கிறது, கொப்பியைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருக்கிறார். "டீச்சர் என்னமோ எழுதியிருக்கீங்களாம், இவன் ராத்திரி முழுக்க வாசிச்சிக் காட்டுறான். நெசமாவே அப்படித்தான் எழுதியிருக்கா?" என்று கேட்டார். அவருக்கு வாசிக்கத் தெரியாது.

இது எத்தனை வினாடி என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

கணக்குமலை | சனி, இரவு 9.31

நன்றி டீச்சர். வளைவு சரி என்பது ஒரு பாராட்டு. வாலை இறக்கு என்பது ஒரு குறை. 1:1. ஐந்து எங்கே? உங்கள் கொப்பியே என் பக்கம் சாட்சி சொல்லிவிட்டது.

அரைப்பேர் | சனி, இரவு 9.33

ஐயோ.

சிவப்புப்பேனை | சனி, இரவு 9.36

அம்மாயியைப் பற்றி எழுதினேன், நீங்கள் அதிலும் எண்ணினீர்கள். வாழ்த்துகள்.

பத்தனைக்காரன் | சனி, இரவு 10.05

எல்லாருக்கும் வணக்கம். பத்தனை சிறீபாத கல்வியியல் கல்லூரியில் படித்தவன், இப்போது மூன்றாம் வருடம் படிப்பிக்கிறேன். ஆராய்ச்சி இல்லை என்று சேர் சொல்வது தவறு. 1925லேயே எலிசபெத் ஹர்லொக் என்பவர் அமெரிக்காவில் இதைச் சோதித்தார். நாலாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் கூட்டல் கணக்கு. ஒரு குழுவை எல்லார் முன்னாலும் பாராட்டினார்கள், ஒன்றைக் கண்டித்தார்கள், ஒன்றைக் கண்டுகொள்ளவே இல்லை. கண்டித்த குழு முதலில் முன்னேறி, பிறகு சரிந்தது. பாராட்டிய குழு தொடர்ந்து ஏறியது. கணக்குப் பாடத்திலேயே நடந்த சோதனை சேர், உங்கள் பாடம்தான்.

அந்த 5:1 என்பதும் வெறும் கதை இல்லை. ஜோன் கொட்மன் என்ற உளவியலாளரின் ஆய்விலிருந்து வந்தது. கணவன் மனைவி சண்டை பிடிக்கும்போதுகூட நல்ல பேச்சும் கெட்ட பேச்சும் ஐந்துக்கு ஒன்று என்று இருந்தால் அந்தக் குடும்பம் நிலைக்கும் என்று கண்டார்.

கணக்குமலை | சனி, இரவு 10.11

கணவன் மனைவியா?

மறுபடி சொல்லுங்கள் தம்பி. ஹட்டனில் அறுபது ஆசிரியர்களைச் சனிக்கிழமை உட்காரவைத்து, பலகையில் வட்டம் போட்டு, "அறிவியல்" என்று சொன்னது கலியாணம் கட்டியவர்களின் கணக்கா? என் மனைவியை நான் தரம் 8இல் வைத்துப் படிப்பிக்கவில்லை.

இதற்காகத்தான் எழுந்து கேட்டேன். இதைத்தான் தேநீருக்குப் பிறகு பார்ப்போம் என்றார். திரியை இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சிவப்புப்பேனை | சனி, இரவு 10.14

முடிக்க வேண்டாம். வீட்டில் எத்தனைக்கு எத்தனை என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அரைப்பேர் | சனி, இரவு 10.15

சேரின் வீட்டம்மா இந்தத் தளத்தில் இருந்தால் தயவுசெய்து 12.6 வினாடிக்குள் பதில் தரவும்.

கணக்குமலை | சனி, இரவு 10.19

குடும்பத்தை இழுக்க வேண்டாம். போன வருடம் டியூசன் திரியிலும் டீச்சர் இதைத்தான் செய்தார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுப்பது சரியா பிழையா என்பது கேள்வி. "சேர் பிள்ளைக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்" என்று கேட்டார். நான் மறக்கவில்லை.

சிவப்புப்பேனை | சனி, இரவு 10.22

பதில் நீங்கள் இன்னும் தரவில்லை. நானும் மறக்கவில்லை.

கொழுந்துப்பை | சனி, இரவு 11.40

நான் ஆசிரியர் இல்லை. மஸ்கெலியாப் பக்கம் பிறந்து, இப்போது வத்தளையில் வேலை. வேலை முடிந்து வந்து முழுவதும் வாசித்தேன். எங்களுக்கு ஐந்தும் தெரியாது ஒன்றும் தெரியாது. 1994இல் எனக்குக் கணக்குப் படிப்பித்த ஒருவர் என் கொப்பியைத் தூக்கிப் பிடித்து, "இதைவிட நல்லா உங்க அம்மா கொழுந்து நிறுப்பா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு எங்கள் அம்மா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான், வாங்கியிருந்தார். மழை, கொழுந்து இல்லை, தோட்டம் குறித்த கிலோ வரவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பாடசாலையில் நான் கை தூக்கவே இல்லை. ஐந்து பாராட்டு வேண்டாம் சேர், அந்த ஒன்றைச் சொல்லாமல் இருந்திருந்தால் போதும்.

பழைய பிரம்பு | ஞாயிறு, காலை 6.02

ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வருடம் கோபமா? எங்களை எங்கள் வாத்தியார் எருமை என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் இன்றும் அவர் காலைத் தொட்டுக் கும்பிடுகிறோம்.

பத்தனைக்காரன் | ஞாயிறு, காலை 7.30

ஐயா, உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சின் 2005/17 சுற்றுநிருபம் சொல்லிவிட்டது. அதன் பிறகு 12/2016உம் வந்தது. 2021இல் ஆசிரியர் அறைந்து ஒரு மாணவனின் காது பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. எருமை என்று கூப்பிடுவதும் அந்த வழியில்தான் போகிறது.

பழைய பிரம்பு | ஞாயிறு, காலை 7.44

சுற்றுநிருபத்தைக் காட்டி என்னைப் பயமுறுத்த வேண்டாம் தம்பி. நீங்கள் பிறப்பதற்கு முன்பே நான் சுற்றுநிருபங்களைக் கோவையில் போட்டுக் கட்டி வைத்தவன்.

கணக்குமலை | ஞாயிறு, காலை 9.20

அதிபர் ஐயாவோடு எனக்கு உடன்பாடு இல்லை. நான் அடிப்பதும் இல்லை. என்னைப் பிரம்புக் கட்சியில் சேர்க்க வேண்டாம். கொழுந்துப்பை தம்பிக்கு நடந்தது அநியாயம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அது வேறு விசயம். ஒரு அநியாயம் நடந்தது என்பதற்காக ஐந்து சரியாகிவிடாது.

இரவு தூங்காமல் தேடிப் பார்த்தேன். தம்பி 1925ஐக் கொண்டுவந்தார், நான் 1996ஐக் கொண்டுவருகிறேன். குளூகர், டெனிசி என்ற இருவர் அதுவரை வந்த பின்னூட்ட ஆய்வுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட இடங்களில் பின்னூட்டம் கொடுத்ததால் பெறுபேறு குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறது! வாய்க்கு வந்தபடி சபாஷ் சொல்கிறவர்கள் இதைப் பிரதி எடுத்து ஆசிரியர் அறையில் ஒட்டலாம்.

1998இல் முல்லர், டுவெக் இருவரும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வையும் வாசித்தேன். "நீ கெட்டிக்காரன்" என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் அடுத்த தடவை சுலபமான புதிரைத் தேடிப் போனார்கள். கஷ்டமானதில் தோற்றதும் சோர்ந்துபோனார்கள். வாங்கிய புள்ளியை மற்றப் பிள்ளைகளுக்குக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். பாராட்டி வளர்த்த பொய்.

பத்தனைக்காரன் | ஞாயிறு, காலை 9.48

சேர், இரண்டையும் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். 1996 ஆய்வில் சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் நன்மைதான் செய்தது. 1998 ஆய்வில் "நன்றாக முயன்றாய்" என்று பாராட்டிய பிள்ளைகள் கஷ்டமான புதிரைத் தேடிப் போனார்கள். பாராட்டு கூடாது என்று அவர்கள் சொல்லவில்லை, மூளையைப் பாராட்டாதே, முயற்சியைப் பாராட்டு என்றார்கள்.

கணக்குமலை | ஞாயிறு, காலை 9.55

எத்தனை தடவை பாராட்டச் சொன்னார்கள்? ஐந்தா?

பத்தனைக்காரன் | ஞாயிறு, காலை 9.57

எண்ணிக்கை பற்றிய ஆய்வே இல்லை அது.

கணக்குமலை | ஞாயிறு, காலை 9.58

அப்படியென்றால் ஐந்து இல்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

மூடுபனி | ஞாயிறு, காலை 10.20

மறுபடியும் நான்தான். ருத் பட்லர் என்பவர் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்த இடத்துக்குப் பொருந்தும். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குப் புள்ளி மட்டும், ஒரு பகுதிக்குக் குறிப்பு மட்டும், ஒரு பகுதிக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் வாங்கியவர்கள்தான் முன்னேறினார்கள். புள்ளியும் குறிப்பும் சேர்ந்து வந்தபோது அந்த நன்மை இல்லை. புள்ளியைப் பார்த்ததும் பிள்ளைகள் மற்றதை விட்டுவிடுகிறார்கள் போலிருக்கிறது. எங்கள் தவணைப் பரீட்சைத் தாளில் மேலே வட்டத்துக்குள் 37 என்று போட்டுவிட்டுக் கீழே என்ன எழுதினாலும் யார் வாசிக்கப்போகிறார்கள்? ஆகவே எத்தனை பாராட்டு என்பதைவிட, அது எதோடு சேர்ந்து போகிறது என்பதுதான்...

அரைப்பேர் | ஞாயிறு, காலை 10.24

மூடுபனி அண்ணன், இங்கே சனம் சண்டைக்கு வந்திருக்கிறது. நீங்கள் பாடம் எடுக்கிறீர்கள்.

அது கிடக்கட்டும். எல்லாரும் பிள்ளையைப் பாராட்டுவதைப் பற்றியே கதைக்கிறீர்கள். பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர் என்று எங்களை எடுத்தார்களே, மாதம் 6,000 ரூபா கையில் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அதைப் 10,000 ஆக்குவதற்குள் எங்கள் செருப்பு தேய்ந்தது. வீட்டிலிருந்து பாடசாலைக்கு இரண்டு பஸ், பிறகு ஒரு ஓட்டோ. எனக்கு அந்த வருடங்களில் ஐந்து வேண்டாம், ஒரே ஒரு பாராட்டு யாராவது சொன்னார்களா? "டீச்சர்" என்று பிள்ளைகள் கூப்பிட்டதுதான் சம்பளம். கடைசியில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். இப்போது போன் கடை.

பழைய பிரம்பு | ஞாயிறு, காலை 10.50

சாதாரண தரமும் உயர்தரமும் முடித்த கையோடு பயிற்சி இல்லாமல் வகுப்புக்கு அனுப்பினால் அப்படித்தான்.

அரைப்பேர் | ஞாயிறு, காலை 10.52

உங்களைப் போன்ற அதிபர்கள்தான் எங்களை வரவு இடாப்பு எழுதவும் பந்தல் கட்டவும் வைத்தீர்கள். பயிற்சி அதுதான்.

கணக்குமலை | ஞாயிறு, காலை 11.05

சம்பளத்துக்கு வேறு திரி திறக்கவும். ஆனால் ஒன்று சொல்கிறேன். ஊர்ப் பிள்ளைகள் ஆறாயிரத்துக்கு நின்றார்கள். வெளியிலிருந்து நியமனம் வாங்கி வந்தவர்கள் வெள்ளிக்கிழமை பகலே பையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்கள், மூன்று வருடத்தில் இடமாற்றம். அவர்கள்தான் செயலமர்வில் முன் வரிசையில் இருந்து 5:1ஐக் கொப்பியில் எழுதுகிறார்கள்.

சிவப்புப்பேனை | ஞாயிறு, காலை 11.12

சேர், நான் மட்டக்களப்பு. ஆறு வருடமாகப் பொகவந்தலாவையில் இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்கு ஓடுகிறேன், ஆமாம். என் பிள்ளைக்கு நாலு வயது, அது அம்மாவோடு அங்கே இருக்கிறது. ஞாயிறு இரவு ஏறித் திங்கள் காலை முதலாம் மணிக்கு வகுப்பில் நிற்கிறேன். இடமாற்றம் இரண்டு தடவை வந்தது, நான்தான் வேண்டாம் என்றேன். முன் வரிசை இல்லை, மூன்றாம் வரிசை என்று நேற்றே எழுதிவிட்டேன்.

இன்று இரவும் பஸ் எடுக்க வேண்டும், அதற்குள் பாராட்டைப் பற்றியும் ஒன்று. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் முடிந்தால் சந்திக்குச் சந்தி பதாகை தொங்குகிறதே, வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்த நாலு பிள்ளையின் படம், நடுவில் டியூசன் சேரின் படம் எல்லாரையும்விடப் பெரிதாக. அதுவும் பாராட்டுத்தானே? அதைக் கண்டு யாரும் எழுந்து "எந்த அறிவியல்" என்று கேட்பதில்லை. 70 புள்ளி எடுத்தும் வெட்டுப்புள்ளிக்கு எட்டாத பிள்ளை அந்தப் பதாகைக்குக் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்கிறது. நான் ஒரு "வளைவு சரி" எழுதினால் மட்டும் கணக்குக் கேட்கிறார்கள்.

கணக்குமலை | ஞாயிறு, காலை 11.20

என் படம் எந்தப் பதாகையிலும் பெரிதாக இல்லை.

அரைப்பேர் | ஞாயிறு, காலை 11.21

அப்படியென்றால் சின்னதாக இருக்கிறது.

கணக்குமலை | ஞாயிறு, காலை 11.26

ஒரு தடவை. பெற்றோர் போட்டார்கள். நான் கேட்கவில்லை. விசயத்தை மாற்ற வேண்டாம்.

விசயம் 12.6 வினாடி.

கொழுந்துப்பை | ஞாயிறு, பிற்பகல் 1.15

சேர், ஒரு சந்தேகம். உங்கள் வகுப்பில் 38 பேர் என்றீர்கள். என் அக்கா மகனும் தரம் 8, தலவாக்கலைப் பக்கம். அவன் சொல்கிறான், மழைக்காலத்தில் 31 பேர் வந்தால் பெரிய விசயமாம். ஆகவே 31 என்று போட்டுப் பார்த்தேன். 155 பாராட்டு. 2,400ஐ 155ஆல் பிரித்தால் 15 வினாடிக்கு மேலே வருகிறது. 12.6 இல்லை.

அரைப்பேர் | ஞாயிறு, பிற்பகல் 1.17

கை தூக்கிவிட்டார்! 1994க்குப் பிறகு முதல் தடவை!

கணக்குமலை | ஞாயிறு, பிற்பகல் 1.30

இடாப்பில் உள்ள எண்ணிக்கைதான் எண்ணிக்கை. இடாப்பில் 38. வராத ஏழு பேரும் என் பிள்ளைகள்தான்.

பிரித்தல் சரி தம்பி. 15.48. தசமத்தை விட்டுவிட்டீர்கள், ஆனால் முறை சரி.

சிவப்புப்பேனை | ஞாயிறு, பிற்பகல் 1.34

எல்லாரும் பார்த்துக்கொள்ளுங்கள். "முறை சரி" என்பது பாராட்டு. "தசமத்தை விட்டுவிட்டீர்கள்" என்பது குறை. சேர் ஒரு பிள்ளைக்கு இப்போதுதான் 1:1 கொடுத்திருக்கிறார், தன்னை அறியாமலே. அப்படியே இன்னும் நாலு கொடுத்தால் வளவாளர் சந்தோசப்படுவார்.

கணக்குமலை | ஞாயிறு, பிற்பகல் 1.38

அது பாராட்டு இல்லை. திருத்தம். ஆசிரியர் செய்ய வேண்டியதைச் செய்தேன். அதற்குப் பெயர் வைத்து, செயலமர்வு வைத்து, பலகையில் வட்டம் போட வேண்டியதில்லை.

மூடுபனி | ஞாயிறு, பிற்பகல் 1.45

அதைத்தான் நான் நேற்று இரவு 9.10க்குக் கேட்டேன்.

பழைய பிரம்பு | ஞாயிறு, பிற்பகல் 2.10

சபாஷ் என்பது தமிழ்ச் சொல்லே இல்லை என்பது யாருக்காவது தெரியுமா? பாரசீகத்திலிருந்து வந்தது. "நன்று" என்று ஒரு சொல் இருக்கும்போது இதை ஏன் வகுப்பில் விட்டீர்கள்?

அரைப்பேர் | ஞாயிறு, பிற்பகல் 2.12

ஐயா எருமை தமிழ்ச் சொல்தான், சந்தேகமில்லை.

பழைய பிரம்பு | ஞாயிறு, பிற்பகல் 2.14

போன் கடைக்காரரிடம் நான் இலக்கணம் படிக்க வரவில்லை.

பத்தனைக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3.05

தயவுசெய்து விசயத்துக்கு வருவோம். எங்கள் பாடசாலையில் இன்னும் சில வகுப்புகள் ஒரே மண்டபத்தில் அரைச் சுவர்தான். நான் இந்தப் பக்கம் "நன்றாகச் செய்தாய்" என்றால் அந்தப் பக்கத்து வகுப்பும் திரும்பிப் பார்க்கிறது. ஹர்லொக்கின் சோதனையிலும் ஒரு குழு அப்படித்தான் இருந்தது. மற்றவர்கள் பாராட்டு வாங்குவதையும் ஏச்சு வாங்குவதையும் அதே அறையில் கேட்டுக்கொண்டு, தங்களுக்கு ஒன்றும் கிடைக்காமல். ஏச்சு வாங்கியவர்களைவிடவும் அவர்கள் கீழே போனார்கள். ஆகவே யாரைப் பாராட்டுகிறோம் என்பதைவிட யாரை விட்டுவிடுகிறோம் என்பதுதான் எனக்குப் பயம். நேற்று எழுதவில்லை, ஏனென்றால் சேர் சிரிப்பார் என்று நினைத்தேன்.

கணக்குமலை | ஞாயிறு, பிற்பகல் 3.12

சிரிக்கவில்லை. நல்ல கேள்வி. ஆனால் அதைக் கணக்கில் சேர்த்தால் இன்னும் மோசம். அரைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு 30 பேர் என்று வைத்தால் 68. ஐந்தால் பெருக்கினால் 340. ஏழு வினாடிக்கு ஒன்று.

பத்தனைக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 3.13

சேர்.

கணக்குமலை | ஞாயிறு, பிற்பகல் 3.15

7.06.

சிவப்புப்பேனை | ஞாயிறு, இரவு 9.50

பஸ்ஸில் இருக்கிறேன், சிக்னல் வந்து வந்து போகிறது. பக்கத்தில் இருப்பவரும் ஹட்டன் செயலமர்வுக்கு வந்தவர். அவர் கொப்பியைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். அவர் எழுதியிருப்பது "3:1". படம் கீழே போட்டிருக்கிறேன். வளவாளர் ஐந்து சொன்னாரா மூன்று சொன்னாரா என்பதே இப்போது சந்தேகம்.

கணக்குமலை | ஞாயிறு, இரவு 9.58

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது மூன்று இல்லை. ஐந்தின் மேல் கோடு மழையில் கரைந்திருக்கிறது. பலகைக்கு நேரே உட்கார்ந்திருந்தவன் நான்.

சிவப்புப்பேனை | ஞாயிறு, இரவு 10.03

அவர் மூன்று என்கிறார். எழுதியவரே சொல்கிறார்.

கணக்குமலை | ஞாயிறு, இரவு 10.05

அவர் எந்த வரிசை?

சிவப்புப்பேனை | ஞாயிறு, இரவு 10.31

கடைசி வரிசை. அதனால் என்ன?

அரைப்பேர் | ஞாயிறு, இரவு 10.33

மூன்று என்றால் 114. ஒன்றுக்கு 21 வினாடி. சேர் பின்னத்துக்கு நேரம் கிடைத்துவிட்டது.

கணக்குமலை | ஞாயிறு, இரவு 10.36

ஐந்து. நாளை நானே வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் அந்தச் செயலமர்வின் விளக்கத்தாளைக் கேட்டு வாங்கி இங்கே போடுகிறேன். பிறகு பார்ப்போம் யார் வாய் திறக்கிறார்கள் என்று.

கொழுந்துப்பை | ஞாயிறு, இரவு 11.20

நாளைக்கு அங்கே பாடசாலை உண்டா? நுவரெலியா மாவட்டத்துக்கு மண்சரிவு எச்சரிக்கை என்று செய்தியில் போகிறது. அக்கா மகன் கேட்கிறான். சேர் வகுப்புக் குழுவில் ஒன்றும் போடவில்லையாம்.

கணக்குமலை | ஞாயிறு, இரவு 11.24

எந்தச் சேர்? பெயரைச் சொல்ல வேண்டாம், வகுப்பை மட்டும் சொல்லுங்கள்.

கொழுந்துப்பை | ஞாயிறு, இரவு 11.26

தரம் 8தான் சேர். நேற்றுப் பின்னேரத்திலிருந்து சேர் போனில் வேறு ஏதோ வேலையாக இருக்கிறார் போல என்று பிள்ளைகள் கதைக்கிறார்களாம்.

அரைப்பேர் | ஞாயிறு, இரவு 11.27

தேத்தண்ணி ஆறிவிட்டது, இன்னொன்று ஊற்றப் போகிறேன்.

கணக்குமலை | ஞாயிறு, இரவு 11.41

குழுவில் போட்டுவிட்டேன். பாடசாலை உண்டு. அறிவித்தல் வந்தால் மாறும். ஆற்றைக் கடந்து வருகிற பிள்ளைகள் வர வேண்டாம் என்றும் போட்டிருக்கிறேன்.

சிவப்புப்பேனை | ஞாயிறு, இரவு 11.52

அப்போ நாளைக்கு 31கூட வராது.

கணக்குமலை | ஞாயிறு, இரவு 11.53

இடாப்பில் 38.